ஸ்டெப்புக்கு ஸ்டெப் நோட்டின் நீளத்தை மாற்றுவது எப்படி?

நீங்கள் கேட்டது இது: கையில் ஒரு 16 ஸ்டெப் சீக்வென்சர் (நோட்டுகளை ஸ்டெப் ஸ்டெப்பாக வரிசைப்படுத்திச் சுற்றிச் சுற்றி ஒலிக்கவிடும் கருவி) இருக்கிறது, அதில் போடும் நோட்டுகள் எல்லாம் ஒரே நீளத்தில் வருகின்றன, ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் நீளத்தைத் தனியாக வைக்க முடிகிற கருவி உண்டா, உண்டென்றால் எதை வாங்குவது. உண்டு, நிறையவே உண்டு. ஆனால் ‘நோட்டின் நீளம்’ என்று நீங்கள் எழுதியதற்குள் இரண்டு விஷயங்கள் சேர்ந்து கிடக்கின்றன. அதைப் பிரித்துக்கொள்ளாமல் கடைக்குப் போனால் பணம் கொடுத்து வாங்கிய பெட்டி நீங்கள் நினைத்த வேலையைச் செய்யாது. பதினைந்து வருடமாக ஹார்ட்வேர் சிந்தசைசர்களோடு வேலை செய்கிறேன். முதன்முதலில் சீக்வென்சர் வாங்கும்போது எனக்கும் அந்த வித்தியாசம் தெரிந்திருக்கவில்லை. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஒன்று, ஸ்டெப்புக்குள் ஒலி எவ்வளவு நேரம் பிடித்து வைக்கப்படுகிறது என்பது. இதைத்தான் கேட் நீளம் என்கிறோம். டெம்போ 120 பிபிஎம் (நிமிடத்துக்கு 120 பீட்) என்றால் ஒரு பீட் அரை செகண்ட். ஒரு பீட்டுக்கு நான்கு ஸ்டெப் வைத்தால் ஒரு ஸ்டெப் 125 மில்லி செகண்ட். கேட் 50 சதவீதம் என்றால் சுமார் 62 மில்லி செகண்ட் சாவியை அழுத்திப் பிடித்தது போல, மீதி நேரம் விரலை எடுத்துவிட்டது போல. நீங்கள் விரலை எப்போது எடுத்தாலும் அடுத்த ஸ்டெப் தன் நேரத்துக்கு வந்துவிடும். இன்னொன்று, அந்த ஸ்டெப்பே எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறது என்பது. முதல் ஸ்டெப் மூன்று துடிப்பு நிற்கும், அடுத்தது இரண்டு, அதற்கடுத்தது ஒன்று என்று வைத்தால், அடுத்த நோட்டு தொடங்கும் நேரமே தள்ளிப்போகும். முதலாவதில் தாளக்கட்டம் அசையாது, ஒலி மட்டும் நீளும், குறுகும். இரண்டாவதில் தாளமே மாறும்.

இந்தப் பிரிவு புதிதல்ல. ரோலண்ட் 1977இல் எம்சி-8 மைக்ரோகம்போசர் என்ற கருவியை வெளியிட்டது. கனடாவைச் சேர்ந்த ரால்ஃப் டைக் என்பவரின் யோசனையிலிருந்து பிறந்தது அது. கால்குலேட்டரில் போடுவது போல எண்களைத் தட்டித்தான் இசையை உள்ளே ஏற்ற வேண்டும். ஒரு நோட்டுக்குச் சுருதிக்கு ஓர் எண், ஸ்டெப் டைமுக்கு ஓர் எண், கேட் டைமுக்கு ஓர் எண். ஸ்டெப் டைம் என்றால் அடுத்த நோட்டு வர எவ்வளவு நேரம், கேட் டைம் என்றால் இந்த நோட்டு எவ்வளவு நேரம் ஒலிக்கும். ஜப்பானின் யெல்லோ மேஜிக் ஆர்க்கெஸ்ட்ராவுக்காக ஹிடேகி மட்சுடாகே இதில்தான் பொறுமையாக எண்களைத் தட்டினார். நீங்கள் தேடுகிற வசதி முழுசாக அங்கேயே இருந்தது. பின்னால் வந்த மலிவான பெட்டிகளில் குமிழ்களைக் குறைக்க வேண்டியிருந்தது. எல்லா ஸ்டெப்புக்கும் பொதுவாக ஒரே ஒரு கேட் குமிழ் வைத்தால் போதும் என்று விட்டுவிட்டார்கள். உங்கள் கருவியும் அந்த வகையாகத்தான் இருக்க வேண்டும்.

நடுவழி ஒன்றும் இருக்கிறது. ரோலண்ட் டிபி-303, 1981இல் வந்து 1984இல் தயாரிப்பு நின்றுபோன பேஸ் கருவி. அதில் கேட்டுக்குக் குமிழே கிடையாது. சுருதிகளை ஒரு தடவை வரிசையாகப் போட வேண்டும். பிறகு டைம் பகுதிக்குப் போய் ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் மூன்றில் ஒன்றைச் சொல்ல வேண்டும்: நோட், டை, ரெஸ்ட். டை என்றால் முந்தைய நோட்டு இந்த ஸ்டெப்பிலும் தொடரும். ரெஸ்ட் என்றால் மௌனம். இரண்டு பட்டியல்களும் தனித்தனி என்பதால் நடுவில் ஒரு டையைச் சேர்த்தால் அதற்குப் பின்னால் உள்ள சுருதிகள் எல்லாம் ஓர் இடம் தள்ளிப்போகும். புதிதாகக் கற்பவர்களுக்குத் தலை சுற்றும். ஆனால் டையும், ஒரு நோட்டிலிருந்து அடுத்ததுக்குக் கேட்டைத் திறந்தே வைத்துச் சறுக்கிப் போகிற ஸ்லைடும் சேர்ந்ததால்தான் அந்தக் கருவிக்கு நெளிந்து போகும் அந்தக் குரல் கிடைத்தது. சிகாகோவில் 80களின் பிற்பாதியில் அதை வைத்தே ஒரு புதிய நடன இசை எழுந்தது. அதற்கும் முன்னால், 1982இல், பம்பாய் ஸ்டுடியோ இசைக்கலைஞர் சரண்ஜித் சிங் அதே டிபி-303ஐ ஜூபிடர்-8 சிந்தசைசர், டிஆர்-808 டிரம் மெஷின் ஆகியவற்றோடு வைத்துக்கொண்டு ராகங்களை டிஸ்கோ தாளத்தில் பதிவு செய்தார். அதைத் தேடிக் கேளுங்கள். ராகத்துக்கு நீளமும் சறுக்கலும் எவ்வளவு அவசியம் என்பது காதிலேயே புரியும்.

சரி, நீளத்தை மாற்றினால் உண்மையில் என்ன நடக்கிறது என்று ஓர் உதாரணத்தில் பார்ப்போம். 120 பிபிஎம், 16 ஸ்டெப். கிக் டிரம் 1, 5, 9, 13இல் விழுகிறது. பேஸ் நோட்டுகளை 1, 4, 7, 11, 15 ஆகிய ஸ்டெப்புகளில் போடுங்கள், எல்லாம் 50 சதவீத கேட். டக், டக், டக் என்று தட்டச்சு அடிப்பது போல இருக்கும். சுருதிகளைத் தொடவே வேண்டாம். 1ஆம் ஸ்டெப் நோட்டை இரண்டரை ஸ்டெப் நீளத்துக்கு இழுங்கள், அதாவது சுமார் 312 மில்லி செகண்ட். 4ஆம் ஸ்டெப் வருவதற்கு முன் அரை ஸ்டெப் மூச்சு இருக்கும். 4ஐ 25 சதவீதமாகக் குறையுங்கள், வெறும் 31 மில்லி செகண்ட், சொடுக்கு மாதிரி. 7 அப்படியே இருக்கட்டும். 11ஐச் சரியாக இரண்டு ஸ்டெப் பிடித்து, 13இல் கிக் விழும் அந்தக் கணத்தில் விடுங்கள். 15 மறுபடி சிறியது. அதே ஐந்து நோட்டுதான், இப்போது வரி நடக்க ஆரம்பித்திருக்கும். இதில் மிக முக்கியமானது 11. பேஸ் விலகிய இடத்தில் கிக் விழுவதால் கிக்கின் ஒலியைக் கூட்டாமலே அது கனமாகக் கேட்கும். இப்போது 11ஐ நான்கு ஸ்டெப்புக்கு நீட்டிப் பாருங்கள், அதே கிக் பேஸுக்குள் முங்கிப்போகும். நோட்டு எங்கே முடிகிறது என்பதைக் கவனிக்காமல் பேஸ் எழுதக்கூடாது என்பது என் அனுபவம். எவ்வளவு நீளம் சரி என்பது மட்டும் ருசியைப் பொறுத்தது, மேலே சொன்ன எண்களை விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இரண்டாவது வகைக்கு வருவோம், ஸ்டெப்பின் காலமே மாறுவது. மோக் மாடுலரின் (தனித்தனிப் பகுதிகளைக் கேபிளால் இணைக்கும் சிந்தசைசர்) 960 சீக்வென்சரில் மூன்று வரிசை, வரிசைக்கு எட்டு குமிழ். மூன்றாவது வரிசையை நேரத்துக்கு என்று ஒதுக்க ஒரு ஸ்விட்ச் உண்டு. அதைப் போட்டால் அந்த வரிசையின் வோல்டேஜ், ஸ்டெப்புகளை ஓட்டும் க்ளாக்கின் வேகத்தையே ஸ்டெப்புக்கு ஸ்டெப் மாற்றும். அழகான யோசனை, ஆனால் குமிழைத் திருப்பிக் காதால்தான் அளக்க வேண்டும், துல்லியமாக இரு மடங்கு, மூன்று மடங்கு என்று வைப்பது சிரமம். இன்றைக்கு யூரோராக் என்ற மாடுலர் வடிவத்தில் இன்டெலிஜெல் மெட்ரோபோலிஸும், அதற்குப் பின் வந்த மெட்ரோபோலிக்ஸும் இதைச் சுலபமாக்கிவிட்டன. மெட்ரோபோலிஸில் எட்டு நிலை. ஒவ்வொன்றுக்கும் சுருதிக்கு ஒரு ஸ்லைடர், 1 முதல் 8 வரை துடிப்பு எண்ணிக்கைக்கு ஒரு ஸ்விட்ச், கேட் எப்படி நடக்க வேண்டும் என்பதற்கு இன்னொரு ஸ்விட்ச். நிலை நான்கு துடிப்பு நீளம் என்றால், அந்த நான்கையும் இழுத்துப் பிடிக்கலாம், நான்கு தடவை தட்டலாம், முதல் துடிப்பில் மட்டும் தட்டிவிட்டு மற்றதைச் சும்மா விடலாம், நான்கையும் மௌனமாகவே கடக்கலாம். நான் மேலே பிரித்துச் சொன்ன இரண்டு விஷயமும் ஒரே பலகையில் பக்கத்துப் பக்கத்து ஸ்விட்சாக இருப்பதை அங்கே பார்க்கலாம்.

இந்த வகையின் லாபம் தாளத்தில்தான். கியூபாவின் சோன் கிளாவே தாளத்தைச் சாதாரணக் கட்டத்தில் எழுத 16 ஸ்டெப் வேண்டும். கால அளவு மாறும் ஸ்டெப் இருந்தால் ஐந்தே போதும்: 3, 3, 4, 2, 4. நம் மிஸ்ர சாபு 3, 2, 2 என்று மூன்று ஸ்டெப்பில் முடிந்துவிடும். எண்களை இடம் மாற்றி 2, 2, 3 என்றால் நடை உடனே வேறாகிறது. கட்டத்தில் அதையே செய்ய எத்தனை பட்டனை அணைத்து எத்தனை பட்டனை ஏற்ற வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். கர்நாடக சங்கீதம் கற்றவர்களுக்கு இது எதுவுமே அந்நியமாக இருக்காது. ஸ்வரக் குறிப்பில் ஸ என்றால் ஓர் அளவு, ஸா என்றால் இரண்டு, பக்கத்தில் ஒரு கமா போட்டால் இன்னும் ஓர் அளவு, அரைப்புள்ளி போட்டால் இரண்டு. கமா என்பது டைதான். ஒரே ஒரு வித்தியாசம்: அந்தக் கார்வையில் ஸ்வரத்தை இழுப்பதா, கொஞ்சம் மூச்சு விடுவதா என்பதைப் பாடுகிறவர் பார்த்துக்கொள்வார். இயந்திரத்துக்கு அது தெரியாது. டையா ரெஸ்டா என்று நாம்தான் சொல்ல வேண்டும். ஸ்வரக் குறிப்பிலிருந்து சீக்வென்சருக்குப் பாட்டை மாற்றும்போது நான் அதிக நேரம் செலவழிப்பது இந்த ஓர் இடத்தில்தான்.

இதில் கவனிக்க ஒன்று உண்டு. 3, 2, 2 சேர்ந்தால் 7. உங்கள் டிரம் 16 ஸ்டெப்பில் சுற்றுகிறது. இரண்டும் ஒன்றாகத் தொடங்கினால் மறுபடி ஒன்றாக விழ 112 ஸ்டெப் ஆகும், அதாவது டிரம்முக்கு ஏழு சுற்று. வேண்டுமென்றே செய்தால் மிக அழகாக இருக்கும். தெரியாமல் செய்தால் ‘என் சீக்வென்சர் ஸிங்க் ஆகவில்லை’ என்று புகார் வரும். டிரம் சுற்று தொடங்கும் இடத்தில், முதல் ஸ்டெப்புக்குத் திருப்பும் ஒரு ரீசெட் பல்ஸ் கொடுத்தால் போதும், அல்லது கூட்டுத்தொகை 16 வரும்படி எண்களை வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, பலர் சீக்வென்சரைக் குறை சொல்லும்போது குற்றம் என்வலப்பில், அதாவது ஒலி எழுந்து தேயும் விதத்தை ஆளும் சிந்தசைசரின் (சிந்த்) பகுதியில், இருக்கும். கேட் என்பது ‘பிடி, விடு’ என்ற கட்டளை மட்டும்தான். விட்ட பிறகு ஒலி எவ்வளவு நேரம் தேயும் என்பது சிந்தின் ரிலீஸ் கையில் இருக்கிறது. ரிலீஸ் ஒரு செகண்ட் என்றால் 30 மில்லி செகண்ட் கேட்டும் 100 மில்லி செகண்ட் கேட்டும் காதுக்கு ஏறக்குறைய ஒன்றுதான். சஸ்டெயினை (பிடித்திருக்கும்போது ஒலி நிற்கும் அளவு) பூஜ்ஜியத்தில் வைத்து டீகேயை (அந்த அளவுக்கு இறங்கும் நேரம்) குட்டையாக வைத்திருந்தால், கேட்டை எவ்வளவு நீட்டினாலும் ஒலி முன்பே செத்துப்போயிருக்கும். டிரம் சாம்பிள்களும் அப்படித்தான், தொடக்கம் முதல் இறுதி வரை ஓடும்படி வைத்திருந்தால் கேட்டை மதிக்காது. அதனால் சோதிக்கும்போது சஸ்டெயின் முழுசாக, ரிலீஸ் மிகக் குறைவாக வைத்துக்கொள்ளுங்கள். கேட் செய்யும் வேலை அப்போதுதான் அப்பட்டமாகக் கேட்கும்.

நுணுக்கத்துக்கும் ஓர் எல்லை உண்டு. மிடி, அதாவது இசைக் கருவிகள் ஒன்றோடொன்று பேசும் டிஜிட்டல் முறை, அதன் க்ளாக் ஒரு பீட்டுக்கு 24 துடிப்பு. ஆக, பதினாறில் ஒரு பங்கு ஸ்டெப்புக்கு 6 துடிப்பு. ஒரு சீக்வென்சர் உள்ளுக்குள்ளும் அதே அளவில்தான் எண்ணுகிறது என்றால், ஒரு ஸ்டெப்புக்குள் உங்களுக்குக் கிடைப்பது ஆறே ஆறு கேட் நீளம், 120 பிபிஎம்மில் 21 மில்லி செகண்டுக்கு ஒன்று. நோவேஷன் சர்க்யூட் டிராக்ஸில் கேட் நீளம் ஸ்டெப்பின் ஆறில் ஒரு பங்கிலிருந்து 16 ஸ்டெப் வரை போகும். நடைமுறையில் அது தாராளம். பீட்டுக்கு 96 என்று எண்ணும் கருவி என்றால் ஸ்டெப்புக்கு 24 படி, ஒவ்வொன்றும் சுமார் 5 மில்லி செகண்ட். பேஸ் வரிகளில் அதற்கு மேல் நுணுக்கம் எனக்குத் தேவைப்பட்டதே இல்லை.

நீளத்தை மாற்ற ஆரம்பித்ததும் எல்லோரும் ஒரு தடவையாவது மாட்டுகிற இடம் ஒன்று உண்டு. ஒரு நிகழ்ச்சியில் ஒரே சுருதியில் நான்கு நோட்டு அடுத்தடுத்து வரும் வரி. ஒத்திகையில் கொஞ்சம் வழுவழுப்பாக இருக்கட்டும் என்று கேட்டை 110 சதவீதத்துக்கு ஏற்றிவிட்டேன். மேடையில் முதல் நோட்டுக்கு அடுத்தவை எல்லாம் தொடங்கியதும் துண்டுபட்டன. காரணம் எளியது. மிடியில் நோட் ஆன், நோட் ஆஃப் இரண்டும் எந்தச் சுருதி என்று சொல்லும், எத்தனையாவது தடவை அழுத்தியது என்று சொல்லாது. முதல் நோட்டின் ஆஃப் தாமதமாக, இரண்டாவது நோட்டின் ஆன் வந்த பிறகு வருகிறது. சிந்த் அதை இரண்டாவதுக்கான ஆஃப் என்று எடுத்துக்கொண்டு ஒலியை நிறுத்திவிடுகிறது. அதே சுருதி திரும்ப வரும் இடங்களில் கேட்டை 95 சதவீதத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள், சேர்ந்தே ஒலிக்க வேண்டுமென்றால் டை போடுங்கள். வேறு வேறு சுருதி என்றால் 100ஐத் தாண்டுவது நல்லதே செய்யும். ஒற்றைக் குரல் சிந்தில் லெகாட்டோ இருந்தால் என்வலப் புதிதாகத் தொடங்காமல் சுருதி மட்டும் மாறும், ஒரே மூச்சில் பாடியது போல.

டெம்போ மாறினால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். கேட் சதவீதத்தில் இருந்தால் டெம்போ குறையக் குறைய நீளும். 140 பிபிஎம்மில் 50 சதவீதம் என்பது 54 மில்லி செகண்ட், 90இல் 83. ஆனால் என்வலப்பின் டீகே அப்படி நீளாது. வேகமான டெம்போவில் அமைத்த வரியை மெதுவாக்கினால் ஓட்டை ஓட்டையாகக் கேட்பது இதனால்தான். ஸ்விங் (ஒன்று விட்டு ஒரு ஸ்டெப்பைச் சற்றுத் தாமதப்படுத்துவது) போட்டால் கேட் அதற்கேற்பக் குறுகுமா, பழைய நீளத்திலேயே நிற்குமா என்பது கருவிக்குக் கருவி வேறு. அதற்குப் பொதுவான பதில் கிடையாது. கடையில் ஸ்விங்கை முழுசாக ஏற்றி, கேட்டை 90 சதவீதத்தில் வைத்து ஒரு நிமிடம் கேட்டுப்பாருங்கள்.

சரி, எதை வாங்குவது? கேட் நீளம்தான் வேண்டும் என்றால் ஆர்டூரியா பீட்ஸ்டெப் ப்ரோ நேரடியான பதில். 16 குமிழ் வரிசையாக இருக்கும், ஒரு பட்டனைத் தட்டினால் அவை சுருதிக்கு, இன்னொன்றைத் தட்டினால் வெலாசிட்டிக்கு (நோட்டை அடிக்கும் பலம்), மற்றொன்றைத் தட்டினால் கேட்டுக்கு. கண்ணுக்கு முன்னால் 16 நீளமும் விரிந்து கிடப்பதால் கற்பதற்கு இதைவிடச் சுகமானது நான் பார்க்கவில்லை. எலெக்ட்ரான் டிஜிடாக்டின் மிடி டிராக்கில் ஸ்டெப்பை அழுத்திப் பிடித்துக்கொண்டு நீளக் குமிழைத் திருப்பினால் அந்த ஸ்டெப்புக்கு மட்டும் பதிவாகும், முடிவில்லாமல் ஒலிக்கும்படியும் வைக்கலாம். ஆனால் ஒரு நேரத்தில் ஒரு ஸ்டெப்பைத்தான் பார்க்க முடியும். டை, ஸ்லைடு போதும் என்றால் டிபி-303ஐ ஒட்டி வந்த ரோலண்ட் டிபி-03, பெஹ்ரிங்கர் டிடி-3 இரண்டில் ஒன்று. ஸ்டெப்பின் காலமே மாற வேண்டும் என்றால் மாடுலர் பக்கம் போய் மெட்ரோபோலிக்ஸ். என் சிபாரிசு, பணம் போடுவதற்கு முன் கணினியில் விசிவி ராக் என்ற மாடுலர் சிந்த் மென்பொருளின் இலவசப் பதிப்பை இறக்கி, அதில் இம்ப்ராம்ப்டு மாடுலரின் ஃப்ரேஸ்-சீக்-16 சீக்வென்சரைப் போட்டுப் பழகுங்கள். ஸ்டெப்புக்கு ஸ்டெப் கேட் வகையை மாற்றலாம், டையும் உண்டு. உங்களுக்கு எந்த வகை வேண்டும் என்பது ஒரு வாரத்தில் தெளிவாகிவிடும். ஃபர்ம்வேர் (கருவிக்குள் இருக்கும் மென்பொருள்) புதுப்பிக்கும்போது வசதிகள் கூடுவதுண்டு என்பதால், வாங்கும் முன் நடப்புப் பதிப்பின் மானுவலில் ‘கேட்’, ‘லெங்த்’, ‘டை’ என்ற மூன்று சொற்களையும் தேடிப் பாருங்கள். டிஏடபிள்யூவில் (கணினி இசை மென்பொருள்) பியானோ ரோலில் மட்டும் வேலை செய்கிறவர்களுக்கு இந்தக் கேள்வியே எழாது, அங்கே நோட்டை இழுத்தால் நீளும்.

கையில் இருக்கும் பெட்டியை வைத்தே சமாளிக்கவும் ஒரு வழி இருக்கிறது. இரண்டு வரிசை உள்ள ஒரு சிறிய அனலாக் சீக்வென்சரை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் கேட்டுக்கு எல்லா ஸ்டெப்புக்கும் பொதுவான ஒரே ட்யூட்டி (கேட் சதவீதம்) குமிழ்தான் என்று வைத்துக்கொள்வோம். ஆனால் ஏ, பி என்று இரண்டு வரிசை, வரிசைக்கு எட்டு குமிழ், தனித்தனி சிவி (சுருதி போன்றவற்றை ஆளும் வோல்டேஜ்) அவுட். இரண்டையும் இணையாக ஓடவிட்டு, ஏ-யைச் சிந்தின் சுருதிக்கும், பி-யை என்வலப்பின் டீகே சிவி இன்புட்டுக்கும் இணையுங்கள். சஸ்டெயினைப் பூஜ்ஜியமாக்கி ட்யூட்டியை முழுசுக்குச் சற்றே கீழே வரை ஏற்றிவிடுங்கள். இப்போது பி வரிசையின் எட்டு குமிழ்களும் எட்டு நீளங்கள். ஒலி சட்டென்று நிற்காமல் தேய்ந்து நிற்கும், சில வரிகளுக்கு அதுவே கேட்டை மாற்றுவதைவிட நன்றாக இருக்கும். மிடி மட்டும் உள்ள கருவி என்றால், ஸ்டெப்புக்கு ஸ்டெப் வெலாசிட்டி வைக்க முடிந்தால் போதும். சிந்தில் வெலாசிட்டி டீகேயை ஆளும்படி மாடுலேஷனைக் கட்டிவிடுங்கள். உங்கள் சீக்வென்சரின் மாடலையும் அதோடு எந்த சிந்தை ஓட்டுகிறீர்கள் என்பதையும் எழுதுங்கள், எந்தக் கேபிள் எங்கே போக வேண்டும் என்று சொல்கிறேன்.